கஸ்கோல் ஏரியின் முந்நூறு வாத்துகள்

கஸ்கோல் காப்பகத்தில் வாத்துகளை எண்ணும் நாள் மே பதினைந்து. காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் எண்ண வேண்டும். பத்துக்கு முன்னால் வந்த வாத்தும் பதினொன்றுக்குப் பின்னால் வந்த வாத்தும் கணக்கில் சேராது. மூடுபனியில் ஏரியே தெரியாமல் போனாலும் எண்ணியாக வேண்டும். போன வருடம் அப்படித்தான் ஏரி தெரியவில்லை. இருந்தும் முந்நூறு வரித்தலை வாத்துகள் இருந்தன. அதற்கு முந்தைய வருடமும் முந்நூறு. காப்பகம் தொடங்கிய நாளிலிருந்தே முந்நூறுதான். இந்த ஒழுங்குக்காக இயக்குநர் எசென்கூலொவ் மூன்று முறை கேடயம் வாங்கியிருக்கிறார்.

இந்த வருடம் காவலர் புதிது. பெயர் ஷார்ஷென். ஐம்பது வயது வரைக்கும் மலையில் யாக் மாடு மேய்த்தவன். மேய்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவார்கள்.

அவன் கரையில் உட்கார்ந்து, காப்பகம் கொடுத்த தொலைநோக்கியை எடுத்தான். அதில் ஒரு கண்ணுக்குத்தான் கண்ணாடி இருந்தது. மணி பத்து என்று சேவல் சொன்னது. முந்தைய காவலர் கடிகாரம் கேட்டு எழுதிய மனு எட்டு வருடமாக அலுவலகத்தில் பரிசீலனையில் இருந்தபடியால், அதுவரைக்கும் என்று ஒரு சேவல் கொடுத்திருந்தார்கள். இருப்புப் பட்டியலில் அது ‘நேரங்காட்டி, ஒன்று’. பிறகு சேவலுக்குத் துணையாக வந்த கோழி, ‘நேரங்காட்டியின் உதிரிபாகம்’.

ஷார்ஷென் ஏரியை மூன்று தடவை இக்கரையிலிருந்து அக்கரை வரை பார்த்தான். இரண்டு வாத்துகள் இருந்தன. பெட்டை நாணல் திட்டில் அடை உட்கார்ந்திருந்தது. ஆண் தண்ணீரில் அப்படியும் இப்படியும் போய்க் காவல் காத்தது. பெட்டை ஒரு தரம் எழுந்து சோம்பல் முறித்தபோது அடியில் நான்கு முட்டைகள் தெரிந்தன. அவனுக்கு அது என்னவோ சொந்த வீட்டில் விசேஷம் போல் இருந்தது.

மற்றதெல்லாம் எங்கே போயின என்பது ஏரிக்கரையில் ஒரு நாள் உட்கார்ந்த எவனுக்கும் தெரியும். வாத்துகள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கரையைச் சுற்றி எட்டு ஒலிபெருக்கிகள் நட்டிருந்தார்கள். அரை மணிக்கொரு தரம் அவை எட்டும் சேர்ந்து, “அமைதி! இது அமைதி மண்டலம்!” என்று அலறும். யாராவது அமைதியைக் குலைக்கிறார்களா என்று பார்க்க ஒரு விசைப்படகு ஏரியைக் கிழித்துக்கொண்டு சுற்றி வரும். இவ்வளவு அமைதியை எந்த வாத்து தாங்கும்?

ஷார்ஷென் படிவத்தில் ‘2’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

மூன்றாம் நாள் கீழே நகரத்து அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. இயக்குநரின் அறையில் பாடம் செய்த வாத்து ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. அதற்குக் கீழே எசென்கூலொவ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அறிவியல் பிரிவின் தலைவி கனீமெத், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

“ஷார்ஷென், முந்நூறுல ரெண்டு போனா எவ்வளவு?” என்று கேட்டார் இயக்குநர்.

“இருநூத்தித் தொண்ணூத்தெட்டுங்கய்யா.”

“அது எங்க?”

“இல்லைங்கய்யா. ரெண்டுதான் இருக்கு.”

“இருக்கிற ரெண்டைப் பத்தி நான் கேக்கவே இல்லையே. இல்லாததைப் பத்திக் கேக்கறேன். இந்தக் காப்பகத்தில வாத்து இருந்தா அது நிர்வாகத்தோட சாதனை. வாத்து இல்லேன்னா அது காவலரோட குத்தம். இந்த வித்தியாசத்தை நான் பதினெட்டு வருஷமாக் கட்டிக் காப்பாத்திட்டு வரேன்.”

கனீமெத் தாளில் ஏதோ வகுத்துப் பார்த்தாள். “அண்ணே, நீங்க அக்டோபர்ல வேலைக்குச் சேந்தீங்க. ஏழு மாசம் ஆச்சு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒண்ணரை வாத்து வருது. புருஷன் பொஞ்சாதி ரெண்டே பேர். கஷ்டம்தான், ஆனா சாப்பிட முடியும்.”

“ஐயோ, குளிர்காலத்தில ஏரி ஒறைஞ்சு கெடக்கும்மா! வாத்தெல்லாம் தெக்கே போயிருக்குமே. இல்லாத வாத்தை நான் எப்படித் திங்கிறது?”

“படிவத்தில குளிர்காலம்னு ஒரு கட்டமே இல்லையேண்ணே,” என்றாள் கனீமெத், உண்மையான அனுதாபத்தோடு.

மறுநாள் ஒரு விசாரணைக் குழு மலையேறி வந்து, ஷார்ஷெனின் மனைவி புருலின் அண்டாவை மோந்து பார்த்தது. தலையணைகளைக் கிழித்தது. உள்ளே ஆட்டு ரோமம் இருந்தது, ஓர் இறகுகூட இல்லை. ‘சாட்சியம் திறமையாக மறைக்கப்பட்டுள்ளது’ என்று குழு எழுதிக்கொண்டது. புருல் அவர்களுக்குத் தேநீரும் பொரித்த மாவுத்துண்டும் வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள், என்ன செய்வது?

போகும்போது, குழுவோடு வந்திருந்த எசென்கூலொவ் ஷார்ஷெனின் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனார். “உன்மேல எனக்குக் கோவம் இல்லப்பா. வேலையை விட்டுப் போறேன்னா போ. எம்மச்சான் பையன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான். துடியான பய. பறக்கற கொக்கைக் கண்ணுல அடிப்பான். அவனைக் காவலுக்குப் போட்டுடலாம்.”

ஷார்ஷென் நாணல் திட்டைப் பார்த்தான். பெட்டை தலையை முதுகில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவன் போனால் அந்த நாலு முட்டைக்கு நாதி கிடையாது.

“என்ன செய்யணும்னு சொல்லுங்கய்யா.”

“திரும்ப எண்ணு. இந்தத் தடவை விஞ்ஞான முறைப்படி.”

விஞ்ஞான முறையைக் கனீமெத் சொல்லிக் கொடுத்தாள். “கண்ணால பாத்து எண்ணுறது விஞ்ஞானம் இல்லண்ணே. அது ஆடு மேய்க்கிறவங்க வேலை. வாத்துங்கிறது கூச்சப்படுற ஜீவன். ஒரு வாத்து கண்ணுக்குத் தெரிஞ்சா, தெரியாத வாத்து நூத்து நாப்பத்தொம்போது இருக்கும். அதனால பாத்ததை நூத்தம்பதால பெருக்கணும். நீங்க எத்தனை பாத்தீங்க?”

“ரெண்டும்மா.”

“பாத்தீங்களா, எவ்வளவு சரியா வருது!” என்று அவள் மகிழ்ந்துபோனாள். ஷார்ஷென் ‘300’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. அவனுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள்.

“பொய்யா எழுதினா என்ன, நெசத்தில ரெண்டும் பத்திரமா இருக்குல்ல?” என்றாள் புருல், கிழிந்த தலையணையைத் தைத்துக்கொண்டே. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

பத்தாம் நாள் ஓர் உத்தரவு வந்தது. ஷார்ஷென் அதை வீட்டு வாசலில் நின்று இரண்டு தடவை படித்தான். அறிவியல் பிரிவின் ஆய்வின்படி கஸ்கோல் ஏரி அதிகபட்சம் இருநூற்று நாற்பது வாத்துகளைத்தான் தாங்கும். காவலர் ஷார்ஷெனின் கையொப்பமிட்ட கணக்கெடுப்பின்படி தற்போது அறுபது வாத்துகள் உபரி. வாத்துகளிடமிருந்து ஏரியைக் காப்பாற்றும் பொருட்டு உபரியை உடனே ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது.

ஒழுங்குபடுத்துவதற்குத் தலைநகரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் எந்தத் துறை என்று யாரும் சொல்லவில்லை. எசென்கூலொவே அவருக்குக் கார் கதவு திறந்துவிட்டதால் யாரும் கேட்கவுமில்லை. பெரியவரின் தோளில் புதுத் துப்பாக்கி. அவருடைய முகத்தில் இயற்கையின் மேல் அப்படியொரு பரிவு.

“ஐயா, ரெண்டே ரெண்டுதான் இருக்கு,” என்று ஷார்ஷென் இயக்குநரின் குறுக்கே போய் நின்றான். “அடை காக்குதுங்கய்யா. இன்னும் பத்து நாள்ல பொரிச்சிரும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

எசென்கூலொவ் பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். “இது யார் கையெழுத்து?”

“என்னோடதுதாங்கய்யா.”

“அப்ப நான் எதை நம்பறது? நீ வாயால சொல்றதையா, கையால எழுதினதையா? வாய் தப்புப் பண்ணும்ப்பா. அரசாங்கம் ஒரு நாளும் வாயை நம்பி நடந்ததில்லை.”

பெரியவர் படகில் ஏறினார். ஷார்ஷெனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குள் ஓடி வாளியை எடுத்து வந்து, கரையோடு ஓடிக்கொண்டே கட்டையால் தட்டினான். “போ! போயிரு! எங்கேயாவது போய்த் தொலை!” என்று தொண்டை கிழியக் கத்தினான். இரண்டும் எழும்பின. தலைக்குமேல் ஒரு சுற்று வந்தன. முட்டை இங்கே இருக்கும்போது எங்கே போகும்? திரும்பவும் திட்டுக்கே வந்து இறங்கின.

ஒலிபெருக்கிகள் எட்டும், “அமைதி! இது அமைதி மண்டலம்!” என்றன. அதற்குப் பிறகு இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. கனீமெத் கரையில் நின்றவாறே ஷார்ஷெனுக்கு ஒரு குற்றச்சாட்டுத் தாள் எழுதிக் கொடுத்தாள்: அமைதி மண்டலத்தில் வாளி தட்டியது. துப்பாக்கிக்கு அனுமதிச் சீட்டு இருந்தது, வாளிக்கு இல்லை.

பெரியவர் மாலை வரைக்கும் படகில் காத்திருந்தார். மீதி ஐம்பத்தெட்டு உபரிகள் வரவில்லை. “உங்க வாத்துங்க ரொம்ப பயந்தாங்கொள்ளிங்க,” என்று குறைபட்டுக்கொண்டு போனார். படிவத்தில் முந்நூறிலிருந்து இரண்டைக் கழித்து, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று கனீமெத் எழுதினாள்.

அவர்கள் கார் வளைவு திரும்பியதும் ஷார்ஷென் தண்ணீரில் இறங்கினான். பனி உருகிய தண்ணீர், இடுப்பு மரத்துப் போனது. நான்கு முட்டைகளையும் தன் கம்பளித் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை மார்போடு அணைத்துக் கொண்டுவந்தான். முட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. கரையேறிய பிறகு அவன் அழுதான். வெட்கப்படாமல், மாடு செத்தால் அழுவது போல அழுதான்.

புருல் தொப்பியை வாங்கிக்கொண்டு போய்க் கோழிக்கு அடியில் வைத்தாள். நேரங்காட்டியின் உதிரிபாகம் சிறகை விரித்து, தன்னைவிடப் பெரிதாய்க் குவிந்த முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. காப்பகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே வாத்துகளுக்கென்று யாராவது ஏதாவது செய்தது அதுதான் முதல் தடவை.

நாலும் பொரித்தன. கோழி அவற்றை இரண்டு நாள் மேய்த்துப் பார்த்துவிட்டு, அவை தண்ணீரில் இறங்கியதும் திகைத்துப் போய் விலகிவிட்டது. குஞ்சுகள் ஷார்ஷெனைப் பிடித்துக்கொண்டன. அவன் விறகு வெட்டினால் நாலும் வரிசையாக நிற்கும். கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே போகும்.

“உங்களுக்கு நாலு பிள்ளை பெத்துக் குடுக்காத குறையை இந்தக் கோழி தீத்து வெச்சிருச்சு,” என்று புருல் கேலி பண்ணினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த விஷயத்தில் அவள் கேலி பண்ணியதே அந்தக் கோடையில்தான்.

ஆகஸ்டில் குஞ்சுகளுக்குத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் லேசாக விழத் தொடங்கின. பறக்கத்தான் தெரியவில்லை. யார் சொல்லிக் கொடுப்பது? ஷார்ஷென் தன் மேல்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு புல்சரிவில் மேலிருந்து கீழே ஓடினான். நாலும் பின்னால் ஓடி வந்தன.

“அம்பது வயசில எறக்கை மொளைக்கப் போகுதாக்கும்,” என்றாள் புருல். “கீழ விழுந்து இடுப்பை ஒடிச்சுக்காதீங்க. எண்ணெய் தேய்ச்சுவிட எனக்குத் தெம்பு இல்ல.”

இருபது நாள் ஓடினான். இருபத்தோராம் நாள் அவன் மட்டும் கீழே வந்து நின்றான், அவை நாலும் வானத்தில் இருந்தன. அன்று இராத்திரிச் சாப்பாட்டை மறந்து பேசிக்கொண்டிருந்தான். “செப்டம்பர் கடைசியில வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமா வரும் புருல். இந்த ஏரிக்கு மேலதான் பாதை. அந்தக் கூட்டத்தோட இதுங்களைச் சேத்து விட்டுட்டா வழி தெரிஞ்சுக்கும். தெக்கே போய்ப் பொழைச்சுக்கும்.” அதுவரைக்கும் அலுவலகத்திலிருந்து யாரும் வராமல் இருந்தால் போதும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி காப்பகத்தின் ஆண்டு விழா. கஸ்கோல் வாத்து அழிவிலிருந்து மீண்டதைக் கொண்டாட இரண்டு பேருந்துகள் வந்தன. எசென்கூலொவ், கனீமெத், பழைய பெரியவர், அவருக்கு ஒரு புதுக் கேடயம். விருந்துக்கு அனுப்பிய செம்மறியாட்டை மட்டும் காணோம். கால்நடைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்ற விதிப்படி காப்பகத்தின் வாயிலிலேயே தடுத்து நிறுத்திவிட்டார்கள். தடுத்த ஊழியருக்கு அங்கேயே ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்கப்பட்டது. ஆடு திரும்பிப் போய்விட்டது.

பசியோடு எசென்கூலொவ் வீட்டைச் சுற்றி வந்தபோது, முற்றத்தில் நாலும் நின்றன.

“இது என்ன?”

காட்டு வாத்து என்றால் உபரி. புருல் முந்திக்கொண்டாள். “வீட்டு வாத்துங்கய்யா. எங்க அக்கா ஊர்லேந்து கொண்டாந்தது.”

கனீமெத் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். “காப்பகத்தோட உள்வட்டத்தில வீட்டுப் பறவை வளக்கக்கூடாதேக்கா. இன்னிக்கே அப்புறப்படுத்தணும்.”

எசென்கூலொவின் முகம் மலர்ந்தது. “அப்புறம் என்ன? விதியையும் காப்பாத்தின மாதிரி ஆச்சு, விருந்தாளியையும் கவனிச்ச மாதிரி ஆச்சு. அடுப்பை மூட்டும்மா.”

“ஐயா!” ஷார்ஷென் கத்திவிட்டான். “இது வீட்டு வாத்து இல்ல. அன்னிக்குச் சுட்டீங்களே, அதோட குஞ்சு. இந்த ஏரியில மிச்சம் இருக்கிறதே இந்த நாலுதான். இதுவும் போச்சுன்னா ஒண்ணுமே இல்லைங்கய்யா. ஒண்ணுமே!”

கனீமெத் குனிந்து கோடுகளைப் பார்த்தாள். அவள் கண் ஒரு கணம் கலங்கியதாகக்கூட ஷார்ஷெனுக்குத் தோன்றியது. “ஆமாம், வரித்தலைதான்,” என்றாள் மெல்ல. பிறகு கோப்பைத் திறந்தாள். “அப்படின்னா ஒழுங்குபடுத்த வேண்டிய உபரியில இன்னும் அம்பத்தெட்டு பாக்கி இருக்குண்ணே. இது நாலும் அதில வரும்.”

அந்த நேரத்தில்தான் அது கேட்டது. வடக்கு முகட்டுக்கு மேலே, மிக உயரத்தில், கலகலவென்று ஒரு கூட்டம். நாற்பது, ஐம்பது வாத்துகள் இருக்கும். முற்றத்தில் நாலும் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தன.

ஷார்ஷென் கோட்டைக் கழற்றி விரித்துக்கொண்டு சரிவில் ஓடினான். விருந்தாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அரசாங்கக் காவலர் கைகளை அடித்துக்கொண்டு ஓடினான். வாத்துகள் பின்னால் ஓடி, எழும்பின. மேலே, மேலே, கூட்டத்துக்குப் பாதி உயரம் வரைக்கும் போய்விட்டன. மேலிருந்து கூட்டம் கூப்பிட்டது; இவை பதில் சொல்லின. புருல் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சரிவின் அடியில் ஷார்ஷென் மூச்சு வாங்க நின்றுவிட்டான். நாலும் கீழே பார்த்தன. அவன் வரவில்லை என்பது அவற்றுக்குத் தெரிந்தது. ஒரு வட்டம் அடித்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து, அவன் காலடியில் வரிசையாக நின்றன.

“போங்களேன்,” என்றான் அவன். “போங்களேண்டா.” ஒன்று அவன் பூட்ஸ் கயிற்றை இழுத்து விளையாடியது. கூட்டத்தின் சத்தம் தெற்கு முகட்டைத் தாண்டிப் போய்விட்டது.

பெரியவர் கை தட்டினார். “பிரமாதம்! இவ்வளவு பழக்கமா!”

“பதினெட்டு வருஷ உழைப்புங்க,” என்றார் எசென்கூலொவ் அடக்கமாக.

அறுப்பதற்கு முன்னால் பிராணியை விருந்தாளிகளின் முன் கொண்டுவந்து ஆசி வாங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை விட முடியுமா? நாலையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஷார்ஷெனை நிற்க வைத்தார்கள், அவை வந்து நின்றன. எல்லோரும் உள்ளங்கைகளை விரித்தார்கள். எசென்கூலொவ் கண்களை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்: “கஸ்கோலின் பறவைகள் பெருகட்டும். வானம் அவற்றின் சிறகால் மறையட்டும். இவற்றைக் காப்பவன் கை ஓங்கட்டும். ஓமின்.” எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். வழக்கத்தை மீறத் தெரியாத ஷார்ஷெனும் தடவிக்கொண்டான்.

பந்தியில் சிறு குழப்பம் வந்தது. ஆடென்றால் எந்த எலும்பு யாருக்கு என்று முறை இருக்கிறது, வாத்துக்கு இல்லை. அரை மணி நேர ஆலோசனைக்குப் பிறகு பதவி வரிசைப்படி பிரித்தார்கள். ஓர் இறக்கை, காவலருக்கு மரியாதையாக ஷார்ஷென் கையில் கொடுக்கப்பட்டது. சபையில் கொடுத்த பங்கை மறுத்தால் அது பெரிய அவமதிப்பு. அவன் வாங்கிக்கொண்டான், வாயில் வைக்கவில்லை. விருந்து முடியும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

“கணக்கில எதை எழுதறது? உபரியா, வீட்டு வாத்தா?” என்று கனீமெத் கேட்டாள்.

“வீட்டு வாத்துன்னே போடு,” என்றார் எசென்கூலொவ், பல்லைக் குத்திக்கொண்டு. “நம்ம எண்ணிக்கை குறையக்கூடாது.” வீட்டுப் பறவை வைத்திருந்த குற்றத்துக்காகச் சேவலையும் கோழியையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மே பதினைந்தாம் தேதி ஷார்ஷென் கரையில் போய் உட்கார்ந்தான். சேவல் இல்லாததால் எப்போது பத்து மணி என்று தெரியவில்லை. விடிந்ததிலிருந்தே உட்கார்ந்திருந்தான். ஒலிபெருக்கிகள் சரியாக வேலை செய்தன. நாணல் திட்டில் போன வருடத்துக் கூடு அப்படியே இருந்தது, நடுவில் நான்கு பள்ளங்களோடு.

அலுவலகத்தோடு பேசும் வானொலிப் பெட்டி கரகரத்தது. “எத்தனைண்ணே?” கனீமெத்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“அண்ணே, பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும். விஞ்ஞான முறையில அதுக்கு ஒரு வழியும் கிடையாது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

ஷார்ஷென் நல்லாப் பார்த்தான். போன வருடத்து ஆண் தண்ணீரில் அப்படியும் இப்படியும் போனது. பெட்டை தலையை முதுகில் செருகியிருந்தது. அவன் இதைத் தினமும்தான் பார்க்கிறான்.

“ரெண்டு,” என்றான்.

“அதானே!” என்றாள் கனீமெத். அவள் குரலில் எவ்வளவு நிம்மதி. “முந்நூறு. அறுபது உபரி. பெரியவர் இந்த மாசக் கடைசியில வர்றாராம், விருந்தாளிக் கூடாரத்தைத் தயாரா வெச்சிருங்கண்ணே.”

அவன் எழுந்து வீட்டுக்குப் போய்ப் புருலிடம் சொன்னான். அவள் கூடாரத்துக் கம்பளியை எடுத்து, தூசி போக உதறி, வெயிலில் காயப் போட்டாள்.